மகன் மன்னாருக்குப் புறப்படுகிறான்



வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டுத் தேநீருக்குக் கேத்தலை அடுப்பில் வைக்கிறீர்கள். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது. மகன் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு சொல்கிறான்: "உம்மா, நானும் கூட்டாளியும் நாளைக்கு மன்னாருக்குப் போகப் போறம். ஓலைத்தொடுவாய்க் கடற்கரையில கூடாரம் அடிச்சி ஒரு ராத்திரி தங்கிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்திடுவம்."

நாளைக்கு! ஒரு கிழமைக்கு முன்னர் சொன்னால் என்னவாம்?

இந்தக் கேள்வியை நம் வீடுகளில் கேட்காத உம்மா இல்லை. புத்தளத்திலும் கல்பிட்டியிலும் கொழும்பிலும் உள்ள வாலிபர்களுக்கு இப்போது மோட்டார் சைக்கிளும் சிறு கூடாரமும் சனி ஞாயிறும் போதும், புறப்பட்டுவிடுகிறார்கள். சில தாய்மார், "வாப்பாவிடம் கேள்" என்று தப்பித்துக்கொள்கிறார்கள். சிலர் "போகவே கூடாது" என்று ஒரே வெட்டாக வெட்டுகிறார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு நாளும் தஸ்பீஹ் மணியும் கண்ணீருமாக இருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால் போகவிடுங்கள் என்பேன். பதினெட்டு இருபது வயதுப் பிள்ளையைக் கதவைச் சாத்தி வைத்தால், அடுத்த முறை "கூட்டாளி வீட்டுக் கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் போவான். அப்போது அவன் எந்தத் தெருவில் விழுந்து கிடக்கிறான் என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஆனால் போகவிடுவதற்கும் கைகழுவி விடுவதற்கும் இடையில் ஓர் உம்மாவுக்கு வேலை நிறைய உண்டு. அதைப் பற்றித்தான் இம்மாதம் உங்களுடன் பேசப் போகிறேன்.

முதலில் அந்த ஊர்ப் பெயரைப் பாருங்கள். தொடுவாய் என்றால் கடலும் களப்பு நீரும் ஒன்றையொன்று தொடும் வாய். மன்னார் நகரிலிருந்து பேசாலைக்குப் போகும் பக்கத்தில் இருக்கும் சிற்றூர்தான் ஓலைத்தொடுவாய். பனையும் மணலும் மீன்பிடித் தொழிலும் கொண்ட தீவின் ஒரு துண்டு. மன்னார் தீவின் ஒரு புறம் பாக்குக் கடல், மறுபுறம் மன்னார் வளைகுடா. இரு கடல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் நிலம் அது. குர்ஆனில் சூரத்துல் கஹ்ஃபை வெள்ளிதோறும் ஓதும் உங்களுக்கு இது எதையோ நினைவூட்ட வேண்டும். மூஸா (அலை) அவர்கள் தம் வாலிபத் தோழரை அழைத்துக்கொண்டு இரு கடல் சந்திக்கும் இடம்வரை போகாமல் ஓயமாட்டேன் என்று நடந்தார்கள். பாறையருகே தங்கினார்கள், கொண்டுபோன மீனை மறந்தார்கள், களைத்துப் போய்ச் சாப்பாட்டைக் கேட்டார்கள். ஒரு நபியின் பயணம். அதில் கூட்டாளி உண்டு, பசி உண்டு, மறதியும் உண்டு. அந்த இடம் எது என்பதில் விரிவுரையாளர்கள் பலவாறு கூறுவர். மன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. வாலிபன் ஒருவன் வீட்டைவிட்டு வெளியே போய்க் கற்றுக்கொள்ளும் பாடம் உண்டு என்பதை அல்லாஹ்வின் வேதமே சொல்கிறது. அதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் நம் வீடுகள் பலவற்றில் மன்னார் என்ற சொல்லுக்கு வேறு கனம் இருக்கிறது. உங்கள் மகன் "மன்னார்" என்றதும் உள்ளறையில் கட்டிலில் இருக்கும் உம்மும்மா தலைதூக்கிப் பார்த்தாரா? கவனித்தீர்களா?

1990 அக்டோபர் மாதம். எருக்கலம்பிட்டி உட்பட மன்னார் தீவு முஸ்லிம்கள் அக்டோபர் 28ஆம் திகதிக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் 24ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு அந்த நாலு நாளும் கிடைக்கவில்லை. 30ஆம் திகதி இரண்டே மணித்தியாலம் கொடுத்தார்கள். வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இவ்விதம் துரத்தப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து பெரும்பாலோர் மாரி மழையில், மீன்பிடிப் படகுகளில், குழந்தை குட்டிகளுடன் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். வீடு, நகை, வாகனம், ஆடு மாடு எல்லாம் அங்கேயே நின்றன. அதுவும் திடீர்ப் பயணம்தான். அதிலும் இரவைக் கடற்கரையில் கழித்தார்கள். தலைக்கு மேல் ஓலையும் படங்கும்தான் இருந்தன. ஒரு சனி ஞாயிறு என்று நினைத்தவர்கள் இருபது ஆண்டு ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள்.

யுத்தம் 2009இல் முடிந்தது. பலர் திரும்பினார்கள், பலர் புத்தளத்திலேயே வேரூன்றிவிட்டார்கள், இங்கொரு காலும் அங்கொரு காலுமாக இருப்போரும் உண்டு. உங்கள் மகன் புத்தளத்தில் பிறந்தவன். அவனுக்கு மன்னார் என்றால் கைத்தொலைபேசியில் பார்த்த பூநாரைக் கூட்டமும் நீலக் கடலும்தான். அது அவன் குற்றமல்ல. நாம் சொல்லவில்லை. போவதற்கு முன்னர் அரை மணித்தியாலம் அவனை உம்மும்மாவின் கட்டிலருகே உட்கார வையுங்கள். வீடு எந்தத் தெருவில் இருந்தது, கிணறு எந்தப் பக்கம், எந்தப் பள்ளிவாசலில் உப்பப்பா தொழுதார் என்று அவர் சொல்லட்டும். போகும் வழியில் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி, அந்தப் பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுது, கப்றுஸ்தானில் ஸலாம் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போகட்டும்.

ஒன்றை மறக்காமல் சொல்லிக் கொடுங்கள். மனதில் கசப்பை மூட்டை கட்டிக்கொண்டு போகக் கூடாது. அன்று முஸ்லிம்களைத் துரத்தியதை அயலில் வாழ்ந்த தமிழ் மக்களும் கத்தோலிக்கக் குருமாரும் ஏற்கவில்லை. அழுது வழியனுப்பியவர்கள் உண்டு. உங்கள் பிள்ளை கூடாரம் அடிக்கப் போகும் கரையில் வலை உலர்த்துபவர்கள் அத்தகையோரின் பிள்ளைகளாகவும் இருக்கக்கூடும்.

அடுத்தது "கூட்டாளி." யார் அந்தக் கூட்டாளி?

உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் இன்னொருவரைப் பற்றி நல்லவர் என்று சாட்சி சொன்னபோது, அவருடன் நீர் பயணம் செய்திருக்கிறீரா என்று கேட்டதாக வரலாறு உண்டு. பயணம் செய்யாதவன் ஆளை அறியமாட்டான் என்பது அதன் கருத்து. அரபியில் பயணத்துக்குரிய 'ஸஃபர்' என்ற சொல்லுக்கே மூடியிருப்பதைத் திறந்து காட்டுதல் என்ற பொருளோடு உறவு உண்டென்பர். கூட்டாளியின் பெயரை மட்டும் கேட்டு விடாதீர்கள். அவன் உம்மாவின் தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்கட்டும். வெள்ளி இரவே அவரோடு பேசுங்கள். "உங்கட மகனுக்கு இழுப்பு வருமா? ஏதும் மருந்து எடுக்கிறாரா?" என்று கேட்பதில் வெட்கம் என்ன? கூடாரத்துக்குள் நள்ளிரவில் ஆஸ்துமா வந்தால் உங்கள் மகன்தானே திண்டாடுவான்! கூடாரம் என்றதும் போத்தலும் 'ஐஸ்' என்ற நச்சுப் பொருளும் நினைவுக்கு வரும் கூட்டாளி என்றால், அங்கே மட்டும் நீங்கள் கதவைச் சாத்தலாம். நானும் வந்து சேர்ந்து சாத்துகிறேன்.

இருவர் போதுமா என்பதும் கேள்வி. தனியே போகும் பயணியையும் இருவராகப் போவோரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்து, மூவரே பயணக் கூட்டம் என்று சொன்ன ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லாத வழியின் ஆபத்தை நினைத்துச் சொன்ன வழிகாட்டல் அது, இருவராகப் போவது ஹராம் என்று ஆகாது என அறிஞர் பலர் விளக்கியிருக்கிறார்கள். விளக்கம் ஒருபுறமிருக்க, நடைமுறையைப் பாருங்கள். ஒருவன் விழுந்தால், ஒருவன் பக்கத்தில் இருக்க, ஒருவன் உதவி தேடி ஓட வேண்டும். மூவருக்கு இரண்டு மோட்டார் சைக்கிள் வேண்டும் என்பான் மகன். ஒன்று பழுதானால் மற்றது இருக்குமே என்று நீங்கள் சொல்லுங்கள். மூவரானால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும்படியும் ஹதீஸ் உண்டு. எப்போது நிறுத்துவது, எப்போது தூங்குவது என்பதில் சண்டை வராது.

ஹிஜ்ரத்தில் இருவர்தானே போனார்கள் என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்பான். தௌர் குகையில் இருந்தது இருவர்தான். அங்கிருந்து மதீனாவை நோக்கிப் புறப்பட்டபோது வழிகாட்டியாக அப்துல்லாஹ் பின் உரைகிதும், உதவிக்கு ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) அவர்களும் உடனிருந்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி நம் பெண்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்திகள் வேறு இரண்டு உண்டு. பயணம் திடீரென்றுதான் வந்தது; பகல் வெயிலில் நபியவர்கள் வந்து, புறப்பட அனுமதி கிடைத்துவிட்டது என்றார்கள். ஆனால் அபூபக்ர் (ரலி) அவர்கள் அதற்கு முன்னர் நான்கு மாதமாக இரண்டு ஒட்டகங்களுக்குத் தீனி போட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். சாப்பாட்டை மகள் அஸ்மா (ரலி) கட்டினார்கள். பையைக் கட்டக் கயிறில்லாமல் தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். 'இரு கச்சைக்காரி' என்று இன்றுவரை உலகம் அவரைச் சொல்கிறது.

திடீரென்று புறப்படுவதில் குற்றமில்லை, வாகனம் நான்கு மாதமாகத் தயாராக இருந்தால்! உங்கள் மகனின் மோட்டார் சைக்கிளின் பின்டயர் மொட்டையாகவா இருக்கிறது? பிரேக் பிடிக்கிறதா? செயின் தளர்ந்திருக்கிறதா? பின் விளக்கு எரிகிறதா? இதையெல்லாம் பெண்கள் பார்க்கக் கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லை. அரிசியில் கல் பார்க்கும் கண்ணுக்குத் டயரின் மொட்டை தெரியாதா? சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, அடையாள அட்டை மூன்றையும் மேசையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தலைக்கவசம் பற்றி விட்டுக்கொடுக்கவே வேண்டாம். நம் நாட்டில் வீதி விபத்துகளில் ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்டோர் மவுத்தாகிறார்கள்; அவர்களில் மிகப் பெரிய பங்கு மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நல்ல தலைக்கவசம் அணிந்தால் மரண அபாயம் ஏறத்தாழ 40 சதவீதமும் தலைக்காயம் ஏறத்தாழ 70 சதவீதமும் குறையும் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தொப்பி மாதிரித் தலையில் கவிழ்த்துவிட்டு நாடாவைக் கட்டாமல் போனால் இந்தக் கணக்கு செல்லாது. விழும்போது கவசம் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாகப் போகும். பின்னால் இருப்பவனுக்கும் அதே தரத்தில் வேண்டும். பின்னால் இருப்பவனும் ஓர் உம்மாவின் பிள்ளைதான்.

இனி வழி. புத்தளத்திலிருந்து அநுராதபுரம், மதவாச்சி, முருங்கன், தள்ளாடி வழியாக மன்னார் நகர் 180 கிலோமீட்டருக்கு மேல். எலுவன்குளம் வழியாகக் குறுக்கே போனால் தூரம் மிகக் குறையும் என்று பையன்கள் கண் சிமிட்டுவார்கள். அது வில்பத்து வனப்பூங்காவுக்குள் போகும் வழி. யானையும் கரடியும் வாழும் காடு. கலா ஓயா பெருகினால் சப்பாத்துப் பாலம் நீருக்குள் போய்விடும். அந்தப் பாதை வேண்டாம் என்று சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம்வரை போனதும் உண்டு. சுற்றுவழியே போகட்டும். சுற்றுவழியிலும் கருவலகஸ்வெவைப் பக்கம் யானை வீதிக்கு வரும். மதவாச்சிக்கு அப்பால் பொழுது பட்டதும் மாடுகள் சூடான தாரில் படுத்துக்கொள்ளும். மன்னார் நகருக்குள் கழுதைகள்! அரபு வணிகர் காலத்துக் கழுதைகளின் சந்ததி என்று ஊரார் சொல்வார்கள். இரவில் நடுவீதியில் அசையாமல் நிற்கும். நிறமும் வீதியின் நிறம்.

ஆகவே இரவில் ஓடக் கூடாது. வெள்ளி ஜும்ஆ முடிந்து புறப்பட்டால் பாலத்தை நெருங்கும்போது மஃரிப் ஆகிவிடும். பிறகு இருட்டில் கூடாரம் அடிக்க வேண்டும். சனி ஸுபஹ் தொழுததும் புறப்பட்டால் ஆறுதலாக முற்பகலில் போய்ச் சேரலாம். அதிகாலையில் தம் உம்மத்துக்கு பரகத் வேண்டி நபியவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள்; அந்த பரகத்தை மோட்டார் சைக்கிள்காரன் ஏன் இழக்க வேண்டும்? 50 கிலோமீட்டருக்கு ஒரு தரம் இறங்கி நிற்கட்டும். மனிதனுக்கு முதுகு வலிக்கும். வாகனத்துக்கும் சூடு ஆற வேண்டும். தீவை இணைக்கும் சுமார் 3 கிலோமீட்டர்த் தாம்போதியில், 2010இல் திறந்த புதிய பாலத்தில், காற்று பக்கவாட்டில் தள்ளும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று அங்கே மிகக் கடுமை. அந்தக் காற்றை நம்பித்தான் 2020 டிசம்பரில் தீவில் 30 காற்றாலைகளுடன் 'தம்பபவனி' திறக்கப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் இந்தக் கரையையும் தாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயலில் மன்னார் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. பெப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். மகன் கேட்கும் மாதம் நவம்பர் என்றால், "மகன், மாரி முடியட்டும்" என்று சொல்வதில் கொடுமை எதுவுமில்லை.

கடற்கரைக்கு வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அது யாருடைய கரை? நமக்கு அது பொழுதுபோக்கும் இடம்; அவர்களுக்கு அடுப்பெரியும் இடம். வலை காயும் மணலில் மோட்டார் சைக்கிளை ஓட்டக் கூடாது. வாடியில் இருக்கும் பெரியவரிடமோ மீனவர் சங்கத்தாரிடமோ போய், "ஐயா, இன்றிரவு இங்கே தங்கலாமா? எந்த இடம் நல்லது?" என்று கேட்க வேண்டும். அலை எதுவரை ஏறும், எங்கே குளிக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். காற்றாலைக்கும் கனிய மணலுக்கும் எதிராக 2025இல் மன்னார் மக்கள் நாள்கணக்கில் வீதியில் இருந்து போராடினார்கள். வெளியூர்க்காரன் எவன் வந்தாலும் நிலத்தைப் பார்க்கத்தான் வந்தான் என்று அவர்கள் நினைப்பதற்கு நியாயம் உண்டு. ஸலாமோ வணக்கமோ சொல்லிக் கேட்டுத் தங்குபவனை அவர்கள் விரட்டமாட்டார்கள். கடற்படை ரோந்தும் அங்கே வழக்கம். கடத்தல் நடக்கும் கரை என்பதால் நடுநிசியில் கடலைப் பார்த்து டோர்ச் அடித்து விளையாடக் கூடாது. மிதிவெடி அடையாளப் பலகை எங்கேனும் தென்பட்டால் ஓரடிகூட உள்ளே வைக்கக் கூடாது. இரவில் கடலில் இறங்கவே கூடாது.

இரவில் தங்கும்போது பாதையைவிட்டு விலகித் தங்குங்கள், ஊர்வனவும் விலங்குகளும் இரவில் அவ்வழியே நடமாடும் என்று நபியவர்கள் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பிறகும் இதைவிட நல்ல கூடார விதி கிடையாது. நம் நாட்டில் கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குபவனைத்தான் கடிக்கிறது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியே இராது. காலையில் வயிற்றுவலியும் இமை சரிவதுமாக எழுவான். அப்படியானால் நாட்டு வைத்தியம் தேடாமல் மன்னார் பொது வைத்தியசாலைக்கு உடனே ஓட வேண்டும். கூடாரத்தின் வாயை இழுத்துப் பூட்ட வேண்டும், சப்பாத்தை உதறிவிட்டுப் போட வேண்டும். நுளம்பு வலையும் வேண்டும். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது; அதே ஆண்டு டிசம்பரில் இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் புது வகை நுளம்பு இலங்கையில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட இடம் எது தெரியுமா? மன்னார்த் தீவு!

தூங்குமுன் நெருப்பை அணைக்கும்படியும் நபிமொழி உண்டு. மதீனாவில் ஓரிரவு வீடொன்று எரிந்தபோது சொன்னது. காய்ந்த பனையோலை ஒரு பொறி பட்டால் போதும். பனை அங்கே ஏழையின் சொத்து என்பதை மகனுக்குச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். இது நம் இராச்சியம். தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் கட்டிக் கொடுக்காதீர்கள். மன்னார் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். சுட்ட ரொட்டி, எண்ணெய் நன்றாக விட்டு வதக்கிய மாசிச் சம்பல், அவித்த முட்டை சனிக்கிழமைக்கு மட்டும், பேரீச்சம்பழம், தேயிலை, சீனி. சம்பலை ஈரமில்லாத போத்தலில் போட்டு மூடினால் இரண்டு நாளும் நிற்கும். தண்ணீர் ஆளுக்கு ஐந்து லீற்றராவது வேண்டும். தீவுக் கிணறுகள் பல உவர். மீன் வேண்டுமானால் கரையில் விலை கொடுத்து வாங்கட்டும். பேரம் பேசி மானத்தை வாங்க வேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள். பொலித்தீன் பை ஒன்று கூடுதலாகக் கொடுங்கள், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர. வரும்போது ஒடியலும் பனாட்டும் வாங்கி வந்தால் உம்மும்மாவின் முகத்தைப் பாருங்கள்.

தொழுகை பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் எல்லையைத் தாண்டிய பின்பே கஸ்ர் தொடங்கும். ஷாஃபிஈ மத்ஹபில் ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆகுமான பயணத்தில் லுஹர், அஸர், இஷாவை இரண்டாகச் சுருக்கலாம். லுஹரை அஸருடனும் மஃரிபை இஷாவுடனும் சேர்த்துத் தொழலாம். மஃரிபும் ஸுபஹும் சுருங்கமாட்டா. கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காக. குடிதண்ணீரை வுழூவுக்குச் செலவழிக்க வேண்டாம். கடற்பயணிகள் சிலர் இதே சிக்கலைக் கேட்டபோது, கடல்நீர் தூய்மையானது, அதில் செத்தது ஹலால் என்று நபியவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். வுழூவும் இரவுச் சாப்பாடும் ஒரே பதிலில் தீர்ந்தன! ஞாயிறு ஸுபஹை அந்த மணலில் ஜமாஅத்தாகத் தொழும் பிள்ளை, வீட்டில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் பிள்ளைதானா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

பயணம் வேதனையின் ஒரு துண்டு, வேலை முடிந்ததும் விரைந்து குடும்பத்திடம் திரும்புங்கள் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு. விரைந்து என்றால் வேகமாக ஓட்டி என்று மகன் பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிறு காலைச் சாப்பாடு முடிந்ததும் புறப்பட வேண்டும். இருட்ட முன் வீடு. மதவாச்சியில் ஒன்று, அநுராதபுரத்தில் ஒன்று என இரண்டே அழைப்பு போதும். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நீங்கள் அழைத்தால் அவன் ஓட்டிக்கொண்டே எடுப்பான். அந்த ஆபத்து உங்களால் வந்ததாகும். அழைப்பு வராவிட்டால் ஒரு மணித்தியாலம் பொறுங்கள். பிறகு கூட்டாளியின் உம்மாவை அழையுங்கள். இலக்கம்தான் இருக்கிறதே!

இவ்வளவும் மகனைப் பற்றி. குசினி மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும் மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்கிறீர்களா?

அவளும் அந்த உம்மும்மாவின் பேத்திதான். எருக்கலம்பிட்டிக் கிணற்றடிக் கதைகளைத் தம்பியைவிட அவளே அதிகம் கேட்டிருப்பாள். காக்காவும் தம்பியும் போய்ப் படம் எடுத்து வந்து காட்டுவார்கள். அவள் பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்ற வேண்டும். இது நியாயமா? மோட்டார் சைக்கிளும் கூடாரமும் அவளுக்குச் சரிவராது என்று நீங்கள் சொன்னால் நான் வாதாடமாட்டேன். ஆனால் மஹ்ரமோடு போவதற்கு மார்க்கத்தில் தடையில்லை. வாப்பா இருக்கிறார், காக்கா இருக்கிறார். அநுராதபுரத்திலிருந்து தலைமன்னார்வரை ரயில் ஓடும் பாதை 2015இல் மீண்டும் திறந்தாகிவிட்டது. வேனில் போனால் உம்மும்மாவைப் பின்னிருக்கையில் சாய்த்து வைத்து நடுவில் நிறுத்தி நிறுத்திப் போகலாம். பள்ளிமுனையில் 19 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள பெருக்கமரத்தைப் பிள்ளைகள் கைகோத்துக் கட்டிப்பிடிக்கலாம். ஆபிரிக்காவிலிருந்து அரபு வணிகர் கொண்டு வந்ததாகச் சொல்லும் மரம் அது. கோட்டையை 1560இல் கட்டிய போர்த்துக்கேயருக்கு முன்னரே அங்கே நின்றதாம். சிலாவத்துறைப் பக்கம் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்புக் காலங்களில் பல்லாயிரம் பேர் ஓலைக் குடில் போட்டுக் கிழமைக்கணக்கில் தங்கிய கரையைக் காட்டலாம். கீழக்கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் முஸ்லிம் முத்துக்குளிப்பாளர் வந்திறங்கிய இடம் அது. கூடாரம் அடிப்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல என்று மகனுக்கும் அப்போது விளங்கும்.

உம்மும்மாவுக்கு முழங்கால் வலி என்று தள்ளிப்போடாதீர்கள். அவர் கண்ணும் காலும் இருக்கும்போதே போக வேண்டிய பயணம் இது. மகன் முதலில் போய் வழியைப் பார்த்து வரட்டும்; எந்தக் கடையில் சோறு ஹலால், எங்கே பெண்கள் தொழ இடம் உண்டு, எந்த வீதி குழி என்று ஒரு கொப்பியில் எழுதி வரச் சொல்லுங்கள். ஞாயிறு இரவு அவன் அந்தக் கொப்பியைத் தங்கச்சியிடம் கொடுக்கட்டும். பாடசாலை விடுமுறைக்கு வேனுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று திங்கட்கிழமை காலையிலேயே விசாரித்து வையுங்கள். விடுமுறை நெருங்கினால் விலை ஏறிவிடும்.